மாற்றாரும் மதித்த ஜார்டீன்

1900ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 23ஆம் நாள், இன்று மும்பை என வழங்கும் நம் பம்பாயில், மலபார் குன்றில் வாழ்ந்த ஸ்காட்லாந்து மரபினரான ஒரு பாரிஸ்டரின் இல்லத்தில் ஓர் ஆண் மகவு பிறந்தது. தந்தையார் மால்கம் ஜார்டீன் வழக்கறிஞர் தொழிலில் பெயர் பெற்றவர். இளமையில் ஆக்ஸ்போர்டு பல்கலைக் கழகத்துக்காக ஆடி, 1892இல் கேம்பிரிட்ஜுக்கு எதிராக 140 ரன் குவித்தவர். குழந்தைக்கு டக்ளஸ் ராபர்ட் எனப் பெயரிட்டனர். முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து அக்குழந்தையின் பெயர் ஆஸ்திரேலியக் கண்டம் முழுவதிலும் வசைச் சொல்லாக வழங்கும் என்று அன்று மலபார் குன்றில் யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

தெருக்கூத்துக் கண்டவர்களுக்கு ஒன்று தெரியும். துரியோதனன் வேடம் பூண்டவர் திரையை விலக்கிக்கொண்டு களரியில் நுழைந்ததும் பெண்டிர் சபிப்பர், சிறுவர் ஊளையிடுவர். ஆயினும் பதினெட்டாம் நாள் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் உருவம் நெடுங்கிடையாய்க் கிடக்கையில் அதே ஊரில் ஒப்பாரி ஒலிப்பதும் உண்டு. வெறுப்பும் மதிப்பும் ஒரே நெஞ்சில் ஒரே சமயத்தில் குடியிருக்கக் கூடியவை. காலனி மைதானத்தில் திரை கட்டிப் படம் காட்டிய நாள்களில், பி. எஸ். வீரப்பா உரக்கச் சிரித்தவுடன் அவரை வைதுகொண்டே, அவர் வராத காட்சிகளில் கொட்டாவி விட்டவர்கள் நம்முள் பலர். கிரிக்கெட் உலகில் இத்தகைய இரட்டை உணர்ச்சியை டக்ளஸ் ஜார்டீனைப் போல் எழுப்பியவர் எவரும் இலர் என்பது என் துணிபு.

ஒன்பது வயதில் சிறுவன் பெற்றோரைப் பிரிந்து கப்பலேறினான். ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரிலிருந்த சிற்றன்னையின் வீடே அதன்பின் அவனுக்கு வீடாயிற்று. தாயும் தந்தையும் இந்தியாவில். பிள்ளையோ விடுதிப் பள்ளியில். அக்காலத்தில் இந்தியாவில் உத்தியோகம் பார்த்த ஆங்கிலேயர் பலரின் பிள்ளைகளுக்கும் விதிக்கப்பட்டது இதுவே. ஊரைவிட்டு வெகுதூரம் வந்து பிழைக்கும் நமக்கு, பாட்டி வீட்டில் விட்டுவந்த பிள்ளையின் நிலையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அச்சிறுவன் பேச்சில் சிக்கனமும் பழக்கத்தில் ஒதுக்கமும் கொண்டவனாக வளர்ந்தான். பிற்காலத்தில் உலகம் அதனையே செருக்கு எனக் கண்டது.

வின்செஸ்டர் பள்ளியில் 1919இல் அவர் கிரிக்கெட் தலைவர். அவ்வாண்டு ஈட்டன் பள்ளியை வின்செஸ்டர் பல ஆண்டுகளுக்குப்பின் வென்றது. பின்னர் ஆக்ஸ்போர்டு. 1921இல் அங்கு வந்த ஆஸ்திரேலியக் குழுவை எதிர்த்து அவர் 96 ரன் எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றபோது, மூன்று நாள் ஆட்டமாக நடந்திருக்க வேண்டியது இரண்டு நாளோடு முடித்துக்கொள்ளப்பட்டது. நூறுக்கு நான்கே ரன் குறை. ஆஸ்திரேலியர்மேல் அவர் கொண்ட பகைக்கு வித்து இங்கேதான் விழுந்தது என்று சொல்வோர் உண்டு. எனக்கு அது அவ்வளவாக ஒட்டவில்லை. நான்கு ரன்னுக்காக ஒரு மனிதர் பதினோர் ஆண்டு கறுவிக்கொண்டிருப்பார் என்று கொள்வதைவிட, ஏழு ஆண்டுகள் கழித்து நிகழ்ந்தவற்றை நோக்குவதே பொருத்தம்.

அவர் ஊதியம் பெறாத ஆட்டக்காரர்; கனவான்கள் என்று அக்காலத்தார் அழைத்த வகுப்பைச் சேர்ந்தவர். சட்டம் பயின்று 1926இல் சொலிசிட்டராகத் தேறினார். சர்ரே மாவட்டத்துக்காக ஆடி 1927இல் சராசரி 91க்கு மேலும், 1928இல் 87க்கு மேலும் எடுத்தார். அவருடைய ஆட்டத்தில் அழகு குறைவு, உறுதி மிகுதி. ஆறடிக்கு மேல் உயரம், நேராக நிமிர்ந்த நிலை, ஒடுங்கிய முகம், நீண்ட மூக்கு. கழுத்தில் வெண்பட்டுக் கைக்குட்டை ஒன்று கட்டியிருப்பார். தலையில் ஆக்ஸ்போர்டின் ஹார்லெக்வின் சங்கத்தார் அணியும் பல வண்ணத் தொப்பி. இந்தத் தொப்பிதான் முதலில் வினையை விளைத்தது.

1928–29இல் சாப்மன் தலைமையில் ஆஸ்திரேலியா சென்ற இங்கிலாந்துக் குழுவில் ஜார்டீன் இடம் பெற்றார். தொடக்க ஆட்டங்களில் தொடர்ந்து மூன்று சதங்கள் அடித்தார். ஆனால் மெல்ல மெல்ல ரன் சேர்க்கும் அவர் முறையும், தொப்பியும், விறைத்த நடையும் அந்நாட்டு ரசிகர்களுக்குப் பிடிக்கவில்லை. ஆஸ்திரேலியப் பார்வையாளர்கள் கேலி செய்வதில் தேர்ந்தவர்கள். யாரைக் கேலி செய்தால் எரிச்சல் கொள்வார் என மோப்பம் பிடித்துவிட்டால் விடமாட்டார்கள். சிரித்துவிட்டால் கேலி அடங்கிவிடும்; ஜார்டீன் சிரிக்கவில்லை. எல்லைக் கோட்டருகே அவரும் ஹெண்ட்ரனும் நின்றபோது, இவர்களுக்கு உம்மைப் பிடிக்கவில்லை போலும் என்று ஹெண்ட்ரன் சொன்னதாகவும், எனக்கும் இவர்களைப் பிடிக்கவில்லை என்ற பொருள்படச் சற்றுக் கடுமையான மொழியில் ஜார்டீன் விடையிறுத்ததாகவும் சொல்வர். அப்பந்தயங்களில் அவர் எடுத்தவை 341 ரன். அடிலெய்டில் ஹாமண்டுடன் சேர்ந்து 262 ரன் கூட்டு. பந்தயத் தொடரை இங்கிலாந்து வென்றது. திரும்பும்போது அவர் நெஞ்சில் அம்மக்கள்மேல் கசப்பு இருந்தது. அவர்கள் நெஞ்சில் அத்தொப்பியின் உருவம் இருந்தது.

1930இல் அலுவல் காரணமாக அவர் டெஸ்ட் பந்தயம் ஆடவில்லை. அவ்வாண்டுதான் டான் பிராட்மன் என்ற இருபத்தொரு வயது இளைஞர் இங்கிலாந்தில் ஐந்து டெஸ்டுகளில் 974 ரன் எடுத்தார். லீட்ஸில் மட்டும் 334. அடுத்த பயணத்தில் பிராட்மனைக் கட்டுப்படுத்தாவிடில் ஆஷஸ் கனவுதான் என்பது எல்லோருக்கும் விளங்கிற்று. 1931இல் ஜார்டீன் இங்கிலாந்துத் தலைவரானார். 1932 சூன் மாதம் லார்ட்ஸ் மைதானத்தில் நம் நாடு தன் முதல் டெஸ்ட் ஆட்டத்தை ஆடியபோதும் அவரே எதிரணித் தலைவர். நிசாரும் அமர்சிங்கும் பந்து வீச, இங்கிலாந்து 19 ரன்னுக்கு 3 விக்கெட்டு இழந்து தத்தளித்தது. அன்று நிலைத்து நின்று 79 ரன்னும், மறு இன்னிங்ஸில் ஆட்டமிழக்காமல் 85 ரன்னும் எடுத்துத் தம் குழுவைக் கரையேற்றியவர் பம்பாயில் பிறந்த இவரே.

அக்கோடையில் லண்டன் ஓட்டல் ஒன்றில் ஒரு விருந்து நடந்தது. ஜார்டீன், நாட்டிங்காம்ஷயர் தலைவர் ஆர்தர் கார், அவருடைய வேகப் பந்து வீச்சாளர்களான ஹாரல்டு லார்வுட், பில் வோஸ் ஆகிய நால்வரும் அமர்ந்து பேசினர். லார்வுட்டும் வோஸும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் குடியிலிருந்து வந்தவர்கள், கூலிக்கு ஆடுபவர்கள். பந்தைத் தரையில் குட்டையாகக் குத்தி, மட்டைக்காரரின் விலாவையும் தோளையும் நோக்கி எழச் செய்ய வேண்டும். அவருடைய லெக் பக்கத்தில் நெருக்கமாக ஐந்தாறு பேரையும், தொலைவில் இருவரையும் நிறுத்த வேண்டும். இவ்வளவே திட்டம். தடுத்தால் நெருங்கி நிற்பவர் கையில் பிடி. தூக்கி அடித்தால் தொலைவில் நிற்பவர் கையில் பிடி. விட்டுவிட்டால் உடம்பில் அடி. தலைக்கவசம் என்பது அக்காலத்தில் இல்லை. பாடிலைன் என்று பத்திரிகையாளர் பின்னர்ப் பெயரிட்ட முறை இதுதான்.

1932 டிசம்பரில் சிட்னியில் முதல் டெஸ்ட். உடல்நலக் குறைவால் பிராட்மன் ஆடவில்லை. ஆஸ்திரேலியாவின் மக்கேப் அஞ்சாமல் அடித்து ஆட்டமிழக்காமல் 187 ரன் குவித்தார். எனினும் இங்கிலாந்து 10 விக்கெட்டில் வென்றது. நம் நாட்டுப் பட்டோடி நவாப் இங்கிலாந்துக்காக ஆடி, முதல் டெஸ்டிலேயே 102 ரன் எடுத்தார். அவர் லெக் பக்க வளையத்தில் நிற்க மறுத்தார். அடுத்த டெஸ்டுக்குப்பின் அவருக்கு இடமில்லை. சிட்னியில் பிறந்த ஆலன் என்ற பந்து வீச்சாளரும் உடம்பை நோக்கி வீச மாட்டேன் என்று மறுத்தார். அவரை ஜார்டீன் நீக்கவில்லை. ஆலன் தம் முறையிலேயே வீசி 21 விக்கெட்டு எடுத்தார். ஊதியம் பெறும் லார்வுட்டுக்கு இத்தகைய மறுப்பு எண்ணிப் பார்க்கவும் இயலாதது. இந்த வேற்றுமையை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் கணக்குத் தீர்க்கும்போது இது வரும்.

மெல்போர்ன் டெஸ்டில் பிராட்மன் முதல் பந்திலேயே போவ்ஸிடம் ஸ்டம்பைப் பறிகொடுத்தபோது, அசையாச் சிலை போன்ற ஜார்டீன் ஆனந்தத்தால் குதித்தார் என்று உடனிருந்தோர் வியந்தனர். இரண்டாம் இன்னிங்ஸில் பிராட்மன் 103 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றார், ஆஸ்திரேலியா வென்றது. ஆளுக்கொரு வெற்றி. அனைவரும் அடிலெய்டு நோக்கினர்.

அடிலெய்டில் பயிற்சியைப் பார்க்க வந்தவர்கள் செய்த கேலி பொறுக்க மாட்டாமல், பொதுமக்களைப் பயிற்சி மைதானத்துக்குள் விடக்கூடாது என்று ஜார்டீன் சொல்லிவிட்டார். எரியும் நெருப்பில் எண்ணெய். 1933 சனவரி 14, சனிக்கிழமை. மைதானத்தில் 50,962 பேர். லார்வுட் வீசிய பந்தொன்று ஆஸ்திரேலியத் தலைவர் உட்புல்லின் இதயத்துக்கு நேரே மார்பில் தாக்கியது. அவர் மட்டையைப் போட்டுவிட்டு மார்பைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினார். அந்தப் பந்து வழக்கமான முறையில் ஆட்களை நிறுத்தி வீசப்பட்டதே. ஆனால் ஜார்டீன் லார்வுட்டை உரக்கப் பாராட்டினார். எதிர்முனையில் நின்ற பிராட்மன் காதில் விழவே பாராட்டினார் என்பர். லார்வுட் மறுபடி உட்புல்லுக்கு வீச வந்ததும் ஆட்களையெல்லாம் லெக் பக்கத்துக்கு மாற்றினார். அடிபட்டு நிற்கும் மனிதர்மீது வலையை இறுக்கியது போன்ற காட்சி. கூட்டம் கொதித்தது. குதிரைப் போலீஸார் வெளியே நின்றனர். அன்று ஒருவர் வேலியைத் தாண்டியிருந்தால் ஐம்பதாயிரம் பேரும் தாண்டியிருப்பார்கள் என்று பிற்காலத்தில் பலர் எழுதினர். ஒருவரும் தாண்டவில்லை.

இங்கிலாந்துக் குழுவின் மானேஜர் வார்னர் ஆறுதல் சொல்ல உட்புல்லின் அறைக்குச் சென்றார். மைதானத்தில் இரு குழுக்கள் உள்ளன, அவற்றில் ஒன்றுதான் கிரிக்கெட் ஆடுகிறது என்ற கருத்துப்பட உட்புல் சொல்லி அனுப்பிவிட்டார். அது பத்திரிகைகளில் வெளிவந்தது. திங்கட்கிழமை விக்கெட்காப்பாளர் ஓல்டுபீல்டு லார்வுட்டின் பந்தை அடிக்க முயன்று, மட்டையில் பட்டுத் தெறித்த பந்து தலையில் மோதி மண்டையோட்டில் விரிசல் கண்டது. அதுவும் பாடிலைன் பந்து அன்று. குற்றம் லார்வுட்டுடையது அன்று என ஓல்டுபீல்டே சொன்னார். ஆனால் கூட்டத்தின் செவிகளில் அது ஏறுமா? அன்றிரவு ஜார்டீன் செய்தது ஒன்று வெகுகாலம் வெளியே தெரியாதிருந்தது. ஓல்டுபீல்டின் மனைவிக்கு அனுதாபத் தந்தி அனுப்பினார். அவர்களுடைய சிறு பெண் குழந்தைகளுக்குப் பரிசுப் பொருள் வாங்கிக் கொடுக்கவும் ஏற்பாடு செய்தார். மைதானத்தில் காட்டாத இரக்கத்தை மறைவில் காட்டினார். இதனைப் பெருமையாகச் சொல்வதா, குறையாகச் சொல்வதா என்பதில் எனக்கே தெளிவில்லை. பத்தாயிரம் பேர் பார்க்க ஒருமுறை குனிந்து உட்புல்லை விசாரித்திருந்தால் பாதிப் பகை தீர்ந்திருக்கும். அவரால் அது முடியவில்லை.

சனவரி 18இல் ஆஸ்திரேலியக் கிரிக்கெட் போர்டு லண்டனுக்குத் தந்தி அடித்தது. விளையாட்டுப் பண்புக்கு ஒவ்வாத செயல் என்று அதில் கண்டிருந்தது. பண்பில்லாதவன் என்று சொல்லக் கேட்பதைவிட ஓர் ஆங்கிலக் கனவானுக்குப் பெரிய இழுக்கு இல்லை. அச்சொல்லைத் திரும்பப் பெறாவிட்டால் நான்காம் டெஸ்ட் ஆடுவதில்லை என்று ஜார்டீன் உறுதியாக நின்றார். இரு நாட்டு அரசாங்கங்களும் கவலைகொள்ளும் அளவுக்குக் காரியம் முற்றியது. பிப்ரவரியில் போர்டு அச்சொல்லைத் திரும்பப் பெற்றது. வின்செஸ்டரில் அவருக்குக் கிரிக்கெட் கற்பித்த ராக்லி வில்சன், இவர் தலைவரானால் ஆஷஸை வெல்வோம், ஆனால் ஒரு நாட்டை இழப்போம் என்று முன்பே கூறியிருந்ததாக ஒரு கதை உண்டு. கதை எவ்வாறாயினும், அந்த வாரத்தில் அது மெய்யாகிவிடும் போலவே இருந்தது.

வெறுப்பின் நடுவிலேதான் மதிப்பும் முளைக்கத் தொடங்கியது. ஈக்களைக் கையால் விரட்டிய ஜார்டீனை நோக்கி, ஈக்களையாவது விட்டுவை, இந்த நாட்டில் உனக்கு வேறு நண்பர் யார் என்று ஒருவர் கூவியதாகச் சொல்லும் கதையை இன்றும் ஆஸ்திரேலியர் சிரித்துக்கொண்டே சொல்கின்றனர். அக்கேலியில் ஒரு வகை உறவு இருப்பதைக் கவனிக்க வேண்டும். அற்பரை யாரும் அவ்வளவு சிரத்தையோடு கேலி செய்வதில்லை. பிரிஸ்பேன் டெஸ்டில் தொண்டை அழற்சியால் மருத்துவமனையில் கிடந்த பெய்ன்டர், படுக்கையை விட்டு எழுந்துவந்து மட்டை பிடித்து 83 ரன் எடுத்தார். இரண்டாம் இன்னிங்ஸில் சிக்ஸர் அடித்து வெற்றியையும் முடித்து வைத்தார். காந்தகாருக்கு நடந்த சிப்பாய்கள் காய்ச்சலோடுதான் நடந்தார்கள் என்று ஜார்டீன் நினைவூட்டினாராம். இவர் பிறரை வருத்துவது போலவே தம்மவரையும் தம்மையும் வருத்துகிறார் என்பதை ரசிகர்கள் கண்டனர். அதே ஆட்டத்தில் அவர் 82 பந்துகளுக்கு ஒரு ரன்னும் எடுக்காமல் நின்றார். கூச்சலும் குழப்பமும் சுற்றிச் சூழ்ந்து கிடக்க, ஒருமணி நேரம் மட்டையைத் தூணாக ஊன்றி நிற்பது எளிய செயலா?

ஐந்தாம் டெஸ்ட் மீண்டும் சிட்னியில். லார்வுட் மட்டை பிடித்து 98 ரன் எடுத்து ஆட்டமிழந்தபோது, ஒன்றரை மாதமாக அவரை வைதுவந்த கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பின்னர்ப் பந்து வீசுகையில் அவர் கால் எலும்பு முறிந்தது. வெளியேற அனுமதி கேட்டவரை, பிராட்மன் ஆட்டமிழக்கும்வரை மைதானத்தில் நிற்கும்படி ஜார்டீன் பணித்தார். லார்வுட் நிற்பதே பிராட்மனுக்கு அச்சம் என்பது கணக்கு. வெரிட்டியின் பந்தில் பிராட்மன் 71இல் வீழ்ந்ததும் லார்வுட்டும் வெளியேற அனுமதி பெற்றார். வென்றவரும் வெல்லப்பட்டவருமாகிய அவ்விருவரும் ஒரு சொல்லும் பேசாமல் ஒருங்கே நடந்து வெளியேறினர். லார்வுட் அதன்பின் டெஸ்ட் ஆடவே இல்லை. இங்கிலாந்து 4–1 என்று வென்றது. லார்வுட் 33 விக்கெட்டு. பிராட்மனின் சராசரி 56. மற்றவர்க்கு அது புகழ், அவருக்குத் தோல்வி.

பாடிலைன் முறை சரியா, தவறா? தவறு என்றே நான் எண்ணுகிறேன். கிரிக்கெட் சட்டத்தில் அதைத் தடுக்கும் விதி அன்று இல்லை என்பது உண்மை. ஆனால் சட்டப் புத்தகத்தில் இல்லாததெல்லாம் செய்யத்தக்கது என்று ஆகிவிடாது. எனவே ஜார்டீனுக்கு உரிய மதிப்பை அந்த முறையில் தேடக்கூடாது. அது கிடைத்த இடம் வேறு. அதற்கு நாம் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகருக்குச் செல்ல வேண்டும்.

1933 சூலையில் ஓல்டு டிராபர்டு மைதானத்தில் மேற்கிந்தியக் குழுவுடன் இரண்டாம் டெஸ்ட். மேற்கிந்தியரிடம் லியரி கான்ஸ்டன்டைன், மார்ட்டின்டேல் என்ற இரு வேகப் பந்து வீச்சாளர்கள் இருந்தனர். ஆஸ்திரேலியாவில் நடந்ததை அவர்களும் படித்திருந்தனர். லெக் பக்கத்தில் ஆட்களை நிறுத்தி, குட்டைப் பந்துகளை இங்கிலாந்து மட்டைக்காரர்களின் உடம்பை நோக்கி வீசினர். ஹாமண்டின் முகவாய் கிழிந்தது. ஆங்கிலேய ரசிகர் முதன்முதலாக அந்த முறையின் கோரத்தைத் தம் கண்ணாரக் கண்டனர். கண்டவுடன் அவர்களுக்கும் அது பிடிக்கவில்லை. அந்நிலையில் ஜார்டீன் மட்டையேந்தி வந்தார்.

தாம் வகுத்த வியூகத்தில் தாமே நின்ற நாள் அது. அவர் முறையிடவில்லை, நடுவரைப் பார்க்கவில்லை, ஒதுங்கவுமில்லை. நெஞ்சுயரம் எழுந்து வந்த பந்துகளைப் பின்காலில் நிமிர்ந்து நின்று, மட்டையைச் செங்குத்தாகப் பிடித்து, கைகளைத் தளர்த்திக் காலடியில் விழச் செய்தார். உடம்பிலும் வாங்கினார். ஏறத்தாழ ஐந்து மணி நேரம். 127 ரன். அவருடைய டெஸ்ட் வாழ்க்கையில் அவர் அடித்த ஒரே சதம் இதுதான். அஞ்சாதவர்க்கு அது ஆடக்கூடிய பந்து வீச்சே என்று ஆஸ்திரேலியாவில் அவர் சொல்லிவந்ததற்குத் தம் விலாவையே சாட்சியாக வைத்தார். முறை தவறு என்பவர்களும் மனிதர் பொய்யர் அல்லர் என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது.

அவ்வாண்டு இறுதியில் அவர் பிறந்த மண்ணுக்கு வந்தார். இந்திய மண்ணில் நடந்த முதல் டெஸ்ட் பந்தயம் 1933 டிசம்பர் 15இல் பம்பாய் ஜிம்கானா மைதானத்தில் தொடங்கியது. அங்கேதான் அமர்நாத் 118 ரன் எடுத்து இந்தியாவின் முதல் டெஸ்ட் சதத்தை அடித்தார். இங்கிலாந்து 9 விக்கெட்டில் வென்றது. இந்தியர் புதியவர் என்று ஜார்டீன் விட்டுக்கொடுக்கவில்லை; ஆஸ்திரேலியரை எப்படி நடத்தினாரோ அப்படியே நம்மவரையும் நடத்தினார். கல்கத்தாவில் தலையில் அடிபட்டும் கட்டுப் போட்டுக்கொண்டு திலாவர் உசேன் 59, 57 என்று இரு இன்னிங்ஸிலும் ஆடினார். நம் சென்னை எம். ஜே. கோபாலன் ஆடிய ஒரே டெஸ்டும் அந்தக் கல்கத்தா டெஸ்டுதான். 1934 பிப்ரவரி 10இல் சேப்பாக்கத்தில் மூன்றாம் டெஸ்ட். சேப்பாக்கம் கண்ட முதல் டெஸ்ட் அது. அமர்சிங் 86 ரன் கொடுத்து 7 விக்கெட்டு வீழ்த்தினார். ஜார்டீன் 65 ரன் எடுத்தார். வெரிட்டி 49 ரன்னுக்கு 7 விக்கெட்டு எடுத்து நம்மவரைச் சுருட்டினார். கிளார்க்கின் பந்தில் நவோமல் அடிபட்டு விலகினார். இங்கிலாந்துக்கு 202 ரன் வித்தியாசத்தில் வெற்றி. புதுக்குழு என்று இரக்கம் காட்டியிருந்தால் நமக்கு அது மதிப்பாக இருந்திருக்குமா என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. முழு வலிமையோடு மோதியவரை எதிர்த்து எடுத்த 118 அல்லவா அமர்நாத்தின் 118!

சேப்பாக்கம்தான் அவருடைய கடைசி டெஸ்டாகவும் ஆயிற்று. 1934இல் ஆஸ்திரேலியர் இங்கிலாந்து வரவிருந்தனர். அவர்களோடு சமாதானத்தை நாடிய லண்டன் தலைவர்களுக்கு இப்போது ஜார்டீன் இடையூறாகத் தோன்றினார். ஆஸ்திரேலியருக்கு எதிராக ஆடப்போவதில்லை என்று இந்தியாவிலிருந்தபடியே அவர் அறிவித்துவிட்டார். அவர் தலைமையில் 15 டெஸ்டுகளில் 9 வெற்றி, 5 சமன், ஒரே ஒரு தோல்வி. மொத்தம் 22 டெஸ்டுகளில் 1,296 ரன், சராசரி 48. முப்பத்து மூன்று வயதில் எல்லாம் முடிந்தது. லார்வுட்டைத் தம் பந்து வீச்சுக்காக மன்னிப்புக் கேட்கும்படி சொன்னார்கள். தலைவர் இட்ட கட்டளையை நிறைவேற்றினேன், எதற்கு மன்னிப்பு என்று அந்தச் சுரங்கத் தொழிலாளி மறுத்தார். அவருக்கும் டெஸ்ட் கதவு மூடப்பட்டது. கட்டளையிட்டவருக்குச் சொலிசிட்டர் பட்டமும் செல்வாக்குள்ள நண்பர்களும் இருந்தனர். நிறைவேற்றியவருக்குக் கைவலிமை ஒன்றே முதல். ஜார்டீனின் வாழ்க்கையில் எனக்கு உறுத்தும் இடம் அடிலெய்டு அன்று, இதுதான். ஆயினும் லார்வுட் தம் தலைவரைப் பற்றிக் கடைசிவரை ஒரு குறையும் கூறவில்லை.

பிறகு ஜார்டீன் 1934இல் மணம் புரிந்து நான்கு மக்களுக்குத் தந்தையானார். பத்திரிகைகளில் கிரிக்கெட் பற்றி எழுதினார். போர் மூண்டதும் பட்டாளத்தில் சேர்ந்து 1940இல் டன்கர்க் கரையிலிருந்து மீண்டார். பின்னர் இந்தியாவுக்கே அனுப்பப்பெற்று, குவெட்டாவிலும் சிம்லாவிலும் இராணுவ உணவு வழங்கும் அலுவலில் மேஜராகப் பணிபுரிந்தார். இந்துஸ்தானி நன்கு பேசுவார். நடுவர்களுக்குத் தொல்லை கொடுத்தவர் என்று பெயரெடுத்த இவரையே 1953இல் கிரிக்கெட் நடுவர் சங்கத்தார் தம் முதல் தலைவராகத் தேர்ந்தனர்.

அந்த ஆண்டிலேயே நிலக் கம்பெனி ஒன்றின் அலுவலாக அவர் ஆஸ்திரேலியா செல்ல நேர்ந்தது. இருபது ஆண்டுகள் கழித்து அக்கரையில் கால் வைக்க அவருக்குத் தயக்கம் இருந்திருக்கும். ஆனால் கல்லெறி இல்லை, கூச்சல் இல்லை. கை குலுக்கினார்கள்; விருந்துக்கு அழைத்தார்கள். ஒரு காலத்தில் வேலிக்கு வெளியே நின்று வைதவர்கள் இப்போது அருகில் வந்து பேசினார்கள். அவரும் தம்மைத் தாமே கேலி செய்து பேசினாராம். அந்தச் சிரிப்பை 1928இலேயே சிரித்திருக்கலாம் என்று தோன்றாமல் இல்லை.

1957இல் நிலம் பார்க்க ஆப்பிரிக்காவில் ரொடீஷியா சென்றவர் காய்ச்சலோடு திரும்பினார். சோதித்ததில் நுரையீரலில் புற்றுநோய் முற்றியிருந்தது தெரிந்தது. சுவிட்சர்லாந்தில் மோன்த்ரே நகரில் சிகிச்சை பெற்றும் பயனின்றி, 1958 சூன் 18இல் தம் ஐம்பத்தேழாம் வயதில் காலமானார். ஸ்காட்லாந்தில் பெர்த்ஷயர் மலையொன்றின் உச்சியில் அவர் சாம்பலைத் தூவினர்.

லார்வுட் அதற்குள் ஆஸ்திரேலியாவிலேயே குடியேறிவிட்டிருந்தார். 1950இல் மனைவி, ஐந்து பெண்மக்களோடு அவர் ஏறிச் சென்றதும் 1932இல் ஜார்டீன் குழுவைச் சுமந்துசென்ற அதே ஓரோண்டஸ் கப்பல்தான். அவரை எதிர்த்து ஆடிய பிங்கிள்டன் உதவி செய்தார். முன்னாள் பிரதமர் சிப்லியும் கை கொடுத்தார். சிட்னியில் 1995இல் தொண்ணூறு வயதில் மறையும்வரை லார்வுட் தம் வீட்டில் போற்றி வைத்திருந்த பொருள்களுள் ஒன்று சிறிய வெள்ளிச் சாம்பல் கிண்ணம். ஆஷஸ் வெற்றிக்காக நன்றியுள்ள தலைவர் அளித்தது என்று அதில் பொறித்திருந்தது.